ஐந்தாம் ஆணி

லுட்கார்டைக் கண்டால் திருவிழாவுக்கு வரும் வறுவல் வண்டிக்காரர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் எந்த ஊரில் திருவிழா கூடினாலும், ராட்டினத்துக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுக்கும் வண்டி நிற்கும். அந்த வண்டியின் முன்னால் லுட்கார்டும் நிற்பாள். ஐம்பத்தெட்டு வயது, காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. சின்னக் காகிதக் கூம்பு ஒன்றில் வறுவல் வாங்குவாள், மேலே சாஸ் வேண்டாம் என்பாள், நாலு துண்டைக் கடித்துவிட்டு மீதியைக் கணவன் நோர்பெர்ட்டின் கையில் திணிப்பாள். அப்புறம் மெல்ல வண்டியின் பின்பக்கம் போய்க் கழுத்தை நீட்டி உள்ளே பார்ப்பாள். கழிப்பறை தேடுகிறாள் என்று நினைத்து வழி காட்டியவர்கள் உண்டு.

"உனக்கு வறுவல் பைத்தியம்னு ஊரே சொல்லுது. எனக்குத்தான தெரியும், நீ கால் கூம்புகூடத் தின்னு நான் பாத்ததில்ல" என்பார் நோர்பெர்ட்.

"தின்னா எனக்கு நெஞ்செரியுது."

"அப்பறம் எதுக்கு வாங்குற?"

"நீ இருக்கியே, தின்னு."

நோர்பெர்ட் தின்றார். பதினாலு வருடத்தில் பதினோரு கிலோ ஏறினார். பாவம், மனிதருக்குக் காரணம் கடைசிவரை சொல்லப்படவில்லை.

லுட்கார்ட் வேலை செய்தது கோர்ட்ரெய்க் நகரத்துக்கு வெளியே, ஆற்றோரத்தில் இருந்த ஒரு சின்னப் பட்டறையில். மொத்தம் ஒன்பது பேர். உணவகங்களின் சமையலறையில் தீப்பிடித்தால் தானாக அணைக்கும் கருவிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கான கட்டுப்பாட்டுப் பேனல்களுக்கு ஒயர் இழுப்பதுதான் அங்கே வேலை. அடுப்புக்கு மேலே சின்ன உலோகத் துண்டு ஒன்று தொங்கும். எண்ணெய் பற்றிக்கொண்டால் அது உருகி அறும், குப்பி திறக்கும், மருந்துத் தண்ணீர் அடுப்பின்மேல் பாயும். அதே நொடியில் பேனல் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: எரிவாயுவை நிறுத்துவது. தீயை அணைத்துவிட்டு வாயுவைத் திறந்தே வைத்தால் அது அணைப்பு இல்லை, தீக்குக் கொடுத்த இடைவேளை.

லுட்கார்ட் கட்டிய பேனலைத் திறந்தால் எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய தலை போல இருக்கும். ஒரு ஒயர் இன்னொன்றின் மேல் ஏறாது. வெளியே இருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் மூடியைத் திறந்ததும், "இது அந்தம்மா கட்டினதுதானே?" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். பாராட்டு என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள்.

விஷயம் ஆணியில் இருக்கிறது.

பேனலைச் சோதிக்கும்போது பட்டறை மேசையில் குப்பியும் இல்லை, உருகும் துண்டும் இல்லை. அதனால் ஏழாம் திருகுக்கும் எட்டாம் திருகுக்கும் நடுவே ஒரு சாண் நீளத்தில் ஊதா நிற ஒயர் ஒன்றைப் பூட்டுவார்கள். அதற்கு ஜம்பர் என்று பெயர். 'எல்லாம் சுகம், வாயுவைத் திறக்கலாம்' என்று பேனலுக்குச் சொல்லும் பொய் அது. சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் அந்தப் பேனல் கூரை எரிந்தாலும் எல்லாம் சுகம் என்றே நம்பிக்கொண்டிருக்கும். வெளியில் ஒரு குறையும் தெரியாது; விளக்கு பச்சையாக எரியும், அடுப்பு ஒழுங்காகப் பற்றும். தீப்பிடிக்கும் நாளில்தான் தெரியும்.

இதற்காகவே பழைய முதலாளி கஸ்டோன் ஒரு முறை வைத்திருந்தார். ஊதா நிறம் அந்தப் பட்டறையில் வேறு எதற்கும் கிடையாது. ஜம்பர்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் எண் போட்ட வளையம். மேசைக்கு மேலே சுவரில் பன்னிரண்டு ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் அதனதன் ஒயர் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே பேனல்களின் மூடியைத் திருக வேண்டும். முதலில் ஆணி, பிறகு மூடி. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காபி எந்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்பே இதைச் சொல்வார்கள்.

நல்ல முறைதான். அதைக் கெடுத்தவரும் கஸ்டோன்தான். ஓடில் என்பவன் ஒருநாள் ஒரு ஜம்பரைத் தொலைத்துவிட்டு, ஒளிக்காமல் வந்து சொன்னான். லாரியில் ஏற்றிய முப்பத்திரண்டு பேனல்களையும் இறக்கி, மழையில் நின்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் அது ஓடிலின் மேலங்கிப் பையிலேயே இருந்தது. கஸ்டோன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அடுத்த தடவ ஜம்பர் காணாமப் போச்சுன்னா, ஆளும் காணாமப் போவான்." கெட்ட மனிதர் இல்லை, கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் அன்றோடு அந்த ஆணிகளுக்கு மரியாதை போய்ப் பயம் வந்துவிட்டது. பயந்தவன் ஆணியை எண்ண மாட்டான், நிரப்புவான்.

இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை. ஃபிர்மின் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆனதற்கு அவன் அரிசிப் பாயசம் ஊற்றிச் சுட்ட 'பை' என்ற பலகாரம் இரண்டு கொண்டுவந்திருந்தான். லுட்கார்டின் மேசையில் சோதனை முடிந்த பேனல்கள் பதினொன்று. வெளியே வேன் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"லுட்கார்ட், பை தீரப்போகுது" என்று உள்ளேயிருந்து ஃபிர்மின் கத்தினான். "உனக்குன்னு வெச்ச துண்ட நானே தின்னுடுவேன், அப்பறம் அழாத."

அவள் பதினொரு மூடிகளையும் மளமளவென்று திருகினாள். பெட்டிகள் வேனில் ஏறின. வேன் போனது. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியவள் அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். ஐந்தாம் ஆணி வெறுமையாக இருந்தது.

மேசைமேல் தேடினாள், கீழே தேடினாள், குப்பைத் தொட்டியைக் கொட்டிக் கிளறினாள், தன் சட்டைப் பைகளை உதறினாள். ஓட்டுநருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்; வேன் இன்னும் முதல் நிறுத்தத்தைக்கூட எட்டியிருக்காது. அவள் தொலைபேசியை எடுத்தாள். கஸ்டோனின் குரல் அடுத்த அறையில் கேட்டது. தொலைபேசியை வைத்தாள். ஊதா ஒயர்ச் சுருளில் ஒரு சாண் வெட்டினாள், முனைகளைச் சீவினாள், ஐந்து என்று எண் போட்ட வளையம் ஒன்றை மாட்டினாள், ஆணியில் தொங்கவிட்டாள். பிறகு உள்ளே போய்ப் பை தின்றாள். நன்றாக இருக்கிறது என்று ஃபிர்மினிடம் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

அன்றிரவு படுத்தவள் கண்ணை மூடவில்லை. காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். காலையில், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்று தோன்றியது. ஒரு வாரம் கழித்து, ஒரு வாரம் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். பொய்க்கு வயது ஏற ஏற அதைச் சொல்லும் வாய் சுருங்கிக்கொண்டே போகிறது. தொலைந்த ஒயருக்கு மன்னிப்பு உண்டு. ஆணியில் தொங்குகிறதே பொய்யான ஐந்து, அதற்கு என்ன சொல்வது?

தினமும் காலை ஏழரைக்கு அந்த ஐந்து அவள் கண்ணுக்கு நேரே தொங்கியது. அதை எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். முடிந்ததும் கழற்றி மாட்ட வேண்டும். மற்ற பதினொன்றும் வெறும் ஒயர். இது மட்டும் கையில் சுட்டது.

பதினொரு பேனல்களும் எங்கே போயின என்று அவளுக்கு மனப்பாடம். வருடா வருடம் ஆய்வுக்காரர்கள் போய்த் தீ வந்ததுபோல் கருவியைத் தட்டிவிட்டு, வாயு நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட்டுத் தாளை அனுப்புவார்கள். அந்தத் தாள்களைக் கோப்பில் போடும் வேலையை லுட்கார்ட் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வருடத்தில் பத்து தாள் வந்தது. பத்தும் சரி. பதினொன்றாவது வரவே இல்லை.

பதினொன்றாவது பேனல் அஷீல் என்ற திருவிழா வியாபாரியின் வறுவல் வண்டிக்குப் போனது. வெண்ணெய் நிற வண்டி, பச்சைப் பந்தல். செலவை மிச்சம் பிடிக்கத் தன் மச்சானை வைத்தே பேனலை மாட்டிக்கொண்டான் அஷீல். ஆய்வுக்கு நாள் கேட்டபோது நாளை நாளை என்றான். அப்புறம் வண்டியை யாருக்கோ விற்றுவிட்டு மகளோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டான். கடையென்றால் ஒரே இடத்தில் நிற்கும். இதற்குச் சக்கரம் இருந்தது.

லுட்கார்ட் அந்த வண்டியைத்தான் தேடினாள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு திருவிழா. கொழுப்பு வாசனை மூக்கில் ஏறியதும் அவள் அந்தத் திசையில் நடப்பாள். வாளியளவு கொதிக்கும் மாட்டுக்கொழுப்பு, கீழே வாயு நெருப்பு, முன்னால் வரிசையில் நிற்கும் மனிதர்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு மட்டும் அவர்கள் எரிந்து முடிந்தவர்கள் போலத் தெரிவார்கள்.

ஒரு காலையில் வானொலிச் செய்தியில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வறுவல் வண்டி எரிந்தது, ஒருவருக்கு இரண்டு கையும் வெந்தது என்றார்கள். லுட்கார்ட் பட்டறைக் கழிப்பறைக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். மூன்று நாள் கழித்து, அந்த வண்டியில் தீயணைக்கும் கருவியே இருக்கவில்லை என்று செய்தித்தாளில் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு மனிதனின் கை வெந்ததில் தனக்குச் சந்தோஷம் வருகிறதே என்று அன்று அவள் தன்னை வெறுத்ததுபோல் என்றும் வெறுத்ததில்லை.

பட்டறையில் வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு வறுவல்தான். தெருமுனைக் கடையிலிருந்து வரும். லுட்கார்ட் தன் பங்கை வாங்கிக் கொறித்தபடி, வாங்கி வந்தவரிடம் கடைக்காரரின் தீயணைக்கும் கருவியைப் பற்றி விசாரிப்பாள். ஃபிர்மினோ வறுவலைத் தொடவே மாட்டான். பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டு, "டாக்டர் வேணாம்னுட்டார்" என்பான். எந்த டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. கஸ்டோன் இறந்த பிறகு பட்டறையை ஏற்று நடத்திய அவர் மகள் ஹாடெவிக் இருவரையும் கேலி செய்வாள்: "ஒருத்தி ஊரெல்லாம் வறுவல் தேடி அலையுறா, ஒருத்தன் கண்ணாலகூடப் பாக்க மாட்டேங்குறான். உங்க ரெண்டு பேரையும் போட்டுப் பிசைஞ்சு ரெண்டா உருட்டினா, ஒழுங்கான ஆளு ரெண்டு கிடைக்கும்."

போன மே மாதம் பட்டறையைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சோதனை மேசை நாலு மீட்டர் நீளம், சுவரோடு சேர்த்துத் திருகியது. ஃபிர்மினும் இன்னும் இருவரும் திருகுகளைக் கழற்றி, மேசையை ஒரு முழம் முன்னால் இழுத்தார்கள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்திருக்கிறது. அதற்குள் முப்பது வருடத் தூசி. லுட்கார்ட் துடைப்பத்தோடு குனிந்தாள்.

தூசியில் ஏதோ ஊதாவாகத் தெரிந்தது.

அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மண்டியிட்டாள். ஓர் ஒயர். அதன் பக்கத்தில் இன்னொன்று. சற்றுத் தள்ளி மூன்றாவது. இத்தனை காலம் இங்கேயே கிடந்திருக்கிறது, வண்டியில் ஒன்றுமில்லை, யாரும் எரியப் போவதில்லை. முதல் வளையத்தைத் துடைத்தாள். மூன்று. இரண்டாவது, பதினொன்று. மூன்றாவதைத் துடைக்க எச்சில் தொட வேண்டியிருந்தது. ஒன்பது.

ஐந்து இல்லை.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஆணிகளில் மூன்றும் ஒன்பதும் பதினொன்றும் அவரவர் இடத்தில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒயர் வெட்டியது அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

"என்ன அது?" என்று ஃபிர்மின் கேட்டான். அவள் உள்ளங்கையை நீட்டினாள். அவன் ஒன்பதை எடுத்து வளையத்தை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அறுபத்தோரு வயது மனிதன், எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன், பின்னால் இருந்த பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"என்னுது" என்றான். "இங்கயா கெடந்துச்சு? இங்கயேவா?"

வளையத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறைக்குன்னு போன பேனல். அதுலதான் விட்டுட்டேன்னு நெனச்சேன். ஆய்வுத் தாளக் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கன்னு பயந்து கேக்கவே இல்ல. அந்தப் பள்ளிக்கூடத்த மூடுற வரைக்கும், பதினாறு வருஷம், தெனமும் சாயங்காலம் அந்தத் தெரு வழியா சைக்கிள்ள போவேன். சுவரு நிக்குதான்னு பாக்க." அவன் அழுதான், மூக்கைச் சிந்தினான், மறுபடி அழுதான். "எனக்கு வறுவல்னா எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? அந்த வாசன வந்தாலே அந்தப் பிள்ளைங்க ஞாபகந்தான்."

மூன்றும் பதினொன்றும் யாருடையவை என்று யாரும் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் இறந்த ஓடிலுடையதாக இருக்கலாம், அங்கே நின்றவர்களில் யாருடையதாகவும் இருக்கலாம். லுட்கார்ட் இன்னும் மண்டியிட்டபடியே தூசியைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.

"நீ என்னத்தத் தேடுற?" என்றான் ஃபிர்மின்.

பதினாலு வருடமாகப் பூட்டிக் கிடந்த வாய் அவ்வளவு எளிதாகத் திறந்தது அவளுக்கே வியப்பு. "அஞ்சு" என்றாள். "இங்க இல்ல. அப்போ அந்த வண்டிலதான் இருக்கு."

ஹாடெவிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஹாடெவிக் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "உன் வேலையப் பத்தி அப்பறம் பேசலாம். முதல்ல வண்டி" என்று தொலைபேசியை எடுத்தாள். திருவிழா வியாபாரிகள் சங்கத்துக்குச் சொன்னாள், பழைய வண்டித் தரகர்களைப் பிடித்தாள், ஸ்பெயினில் அஷீலின் மகளைக்கூடக் கண்டுபிடித்தாள். லுட்கார்ட் பதினாலு வருடம் தேடியது எட்டே நாளில் கிடைத்தது. அவள் தேடினாளே தவிர யாரிடமும் கேட்டதில்லை.

அந்த வாரம் வண்டி டிக்ஸ்மவுடே ஊர்த் திருவிழாவில் நிற்கிறது என்றார்கள். லுட்கார்டும் ஃபிர்மினும் காலை பத்து மணிக்கே போய்ச் சேர்ந்தார்கள். சதுக்கத்தில் ராட்டினங்களுக்கு இன்னும் உறை கழற்றவில்லை. வண்டி இப்போது நீலம். அதைப் பார்த்ததும் லுட்கார்ட் நின்றுவிட்டாள். இந்த வண்டியை அவளுக்குத் தெரியும். இதன் முன்னால் இரண்டு முறை நின்றிருக்கிறாள், வாங்கியிருக்கிறாள், பின்னால் போய்ப் பார்த்தும் இருக்கிறாள். பேனல் இருந்த இடத்தை ஒட்டுப்பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

வண்டிக்காரி க்ரீட், நாற்பது வயதுக்காரி, முழங்கையெல்லாம் பழைய எண்ணெய்த் தழும்பு. இரண்டு தொட்டியிலும் கொழுப்பு காய்ந்துகொண்டிருந்தது. லுட்கார்டைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "அட, நீங்களா? சின்னக் கூம்பு, சாஸ் வேணாம். அப்டித்தானே? பட்டறையிலேருந்து ஆள் வராங்கன்னாங்க, அது நீங்கன்னு தெரியாது. கொழுப்பு இன்னும் காயல, செத்த பொறுங்க."

"முதல்ல பெட்டியப் பாத்துர்றேன்" என்றாள் லுட்கார்ட்.

ஃபிர்மின் ஒட்டுப்பலகையைக் கழற்றினான். உள்ளே பேனல், மேலே பிசுபிசுப்பாகப் படிந்த கொழுப்பு, நடுவில் பச்சை விளக்கு. லுட்கார்ட் மூடியின் நாலு திருகையும் கழற்றினாள். அவள் பின்னிய ஒயர்கள் அப்படியே இருந்தன, ஒன்றுகூடக் கலையவில்லை. ஏழாம் திருகுக்கும் எட்டாம் திருகுக்கும் மேலே, ஒயர்த் தடத்தின் விளிம்பில் பாதி மறைந்து, ஊதா. வளையத்தில் ஐந்து.

லுட்கார்ட் திருகைத் தளர்த்தி அதைக் கழற்றி, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏதாச்சும் பழுதா?" என்றாள் க்ரீட்.

ஒன்றுமில்லை, சின்ன வேலைதான் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஃபிர்மின் தரையைப் பார்த்தான்.

"தீப்பிடிச்சிருந்தா உங்க வாயு நின்னிருக்காது" என்றாள் லுட்கார்ட். "இந்த ஒயர நான் கழட்ட மறந்துட்டேன். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி. மறந்தது அன்னிக்கே எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

க்ரீட் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"புருஷன் விட்டுட்டுப் போனப்புறம் எனக்கு வீடு இல்ல" என்றாள் மெதுவாக. "ரெண்டு குளிர்காலம் இதுக்குள்ளதான் படுத்தேன். இதோ, நீங்க நிக்குறீங்களே, அந்த எடத்துல. குளிருக்குச் சின்ன அடுப்ப எரியவிட்டுட்டுத் தூங்குவேன். அந்தப் பச்ச வெளக்கப் பாத்துக்கிட்டே, அப்போ இந்தப் பலக அடிக்கல. அது எரியுற வரைக்கும் பயமில்லன்னு வண்டிய விக்கும்போது அஷீல் சொல்லிக் கொடுத்தாரு."

மன்னித்துவிடு என்ற வார்த்தை லுட்கார்டின் வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் பாரம் அந்தப் பெண்ணின் தலைக்கு மாறும் என்று தோன்றி விழுங்கிவிட்டாள்.

க்ரீட் முன்பக்கப் பலகையை இழுத்து மூடினாள். "இப்போ வாயு நிக்குதா? காட்டுங்க" என்றாள்.

மருந்து கொட்டாமல் இருக்க ஃபிர்மின் குப்பியைக் கழற்றி வைத்தான். தீயில் அறுந்ததுபோல் ஆக, உருகும் துண்டு கோத்திருந்த கம்பியை லுட்கார்ட் தளர்த்தினாள். தொட்டிக்குக் கீழே வால்வு 'டக்' என்றது. நீல நெருப்பு ஒரு துடி துடித்து அணைந்தது. வண்டிக்குள் கொழுப்பு அடங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மறுபடி" என்றாள் க்ரீட்.

அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார்கள். கம்பி தளர்ந்தது. டக். நெருப்பு அணைந்தது.

"மறுபடி."

மூன்று, நான்கு, ஐந்து. வெளியே ராட்டினத்தில் பாட்டுப் போட ஆரம்பித்தார்கள். யாரோ மூடிய பலகையைத் தட்டி, கடை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டார்கள். க்ரீட் பலகையைத் திறக்கவில்லை. பதினோராவது தடவை லுட்கார்டின் விரலிலிருந்து கம்பியை வாங்கித் தானே இழுத்தாள். டக். அவள் தரையில் குந்தி, அணைந்த அடுப்புக்கு நேரே முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"மறுபடி" என்றாள், திரும்பிப் பார்க்காமல். லுட்கார்ட் குனிந்து மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.